எட்டு சிப்பும் பதினாறு சிப்பும்

2019 ஜூன் 12, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 6.00 மணி பஸ்ஸில் சித்தூரிலிருந்து புறப்பட்டேன். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். 7.20க்குச் சந்திரகிரி, 7.50க்குத் திருப்பதி. இரண்டு இட்லி, ஒரு வடை. 8.40க்குக் கடை ஷட்டரைத் தூக்கினேன். மேசையைத் துடைத்தேன். திருகுகளை அளவுப்படி மூன்று டப்பாக்களில் பிரித்துப் போட்டேன். முந்தைய நாள் வந்த இரண்டு சிபியுக்களில் சீட்டு ஒட்டினேன். 9.30க்கு முதல் போன். “மேடம் லேரா?” என்றது ஒரு குரல். மேடம் இன்னும் வரவில்லை என்று தெலுங்கில் சொல்லி வைத்தேன்.

அன்றைய டைரிப் பக்கத்தின் மேல் பாதி இவ்வளவுதான். கீழ்ப் பாதியை உங்களுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன். எங்கள் கடையின் சித்தூர் கிளையில் நீங்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பழைய டெஸ்க்டாப்புகளுக்கு ரேம் ஏற்றுவது பற்றி ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பொறுப்பாளர் பரிமளா என்னைக் கேட்டார். “எதை வேணா எழுதுங்கண்ணா, அந்த நாள மட்டும் விட்டுடாதீங்க” என்றும் சொன்னார். போன மாதம்தான் நான் வேலையை விட்டேன். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் குனிந்து பார்க்கும் வேலை கூடாது என்றார் டாக்டர். வயது ஐம்பத்து மூன்று. சித்தூரில் என் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கிளை இருக்கிறது. கடைசி ஐந்து வருடங்கள் தினமும் அதிகாலையில் அதன் பலகையைத் தாண்டித்தான் திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார வேண்டியவன் நான் என்று நினைக்காத நாள் அதிகமில்லை. ஏன் உட்காரவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2019இல் கிளை இன்னும் திறக்கவில்லை. இடம் பார்த்து, வாடகை பேசி, சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பொறுப்பு யாருக்கு என்று மட்டும் முதலாளி வாய் திறக்கவில்லை. கடையில் இருந்தது இரண்டு பேர், நானும் பரிமளாவும். நான் பதினெட்டு வருடம். அவர் இரண்டு வருடம். நான் சித்தூர்க்காரன். அவர் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது எனக்கு வர வேண்டியது. ஆனால் முதலாளி வேறு ஒரு கணக்கும் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அதே கணக்கை வைத்திருந்தேன். மே மாதம் கடைக்கு வந்த போன்களில் பரிமளா மேடத்தைக் கேட்டவை முப்பத்தொன்று. என்னைக் கேட்டவை ஆறு. அந்த ஆறில் இரண்டு என் மனைவியுடையவை.

நான் வேலையில் ஒன்றும் குறைந்தவனில்லை. நான் தொட்ட ஒவ்வொரு மெஷினின் போர்டு எண், ஸ்லாட் எண்ணிக்கை, போட்ட ரேம், எடுத்த ரேம் எல்லாம் டைரியில் இருக்கும். பரிமளா எதையும் எழுத மாட்டார். சிபியுவைத் திறப்பதற்கு முன்னால் அதன் சொந்தக்காரரிடம் பத்து நிமிடம் பேசுவார். மகள் என்ன படிக்கிறாள், மழை பெய்ததா, மெஷின் எப்போதிலிருந்து அடம் பிடிக்கிறது என்று கேட்பார். இதென்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தப் பேச்சிலேயே பாதிப் பழுதை அவர் கண்டுபிடித்துவிடுகிறார் என்பதை நான் கவனித்திருந்தேன். அந்த எரிச்சல் அதனால்தான் வந்தது.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். 10.00 மணிக்கு நகரியிலிருந்து தணிகாசலம் போன் செய்தார். அவர் என் மனைவிக்குப் பெரியப்பா மகன். பன்னிரண்டு விசைத்தறி வைத்திருப்பவர். சேலைக் கரையின் டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதிலிருந்து தறியில் மாட்டும் துளை அட்டைகளைக் குத்தி எடுப்பார். அந்தக் கம்ப்யூட்டரை 2010இல் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்ததே நான்.

“யாரு, மாப்ளயா? சௌக்கியமா? அந்தம்மா வந்துச்சா?”

“இன்னா விஷயம் மச்சான், எங்கிட்ட சொல்லேன்.”

“உனக்கு எதுக்குப்பா சிரமம். அந்தம்மாவுக்கு என் மிஷின் நல்லா தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போவும்போது நகரில ரயில விட்டு எறங்கி ஒரு பார்வ பாத்துட்டுதான் போவும்.”

எனக்கு இது புதுச் செய்தி. என் உறவு, நான் பூட்டிய மெஷின். பெயர் மட்டும் அந்தம்மாவுடையது. 9.40க்கே வந்துவிட்டிருந்த பரிமளாவிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவர் பேசியதிலிருந்து விஷயம் புரிந்தது. புது டிசைன் பெரியது. அதைத் திறந்தாலே மெஷின் நின்றுவிடுகிறது. மறுநாள் காலை அட்டை தறியில் ஏறியாக வேண்டும். கல்யாண ஆர்டர். ஏறாவிட்டால் வேறு தறிக்குக் கொடுத்துவிடுவார்கள். புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அட்டை குத்தும் மெஷினின் அகலமான கேபிள் பழைய பிரிண்டர் துளையில்தான் சொருகும், இப்போது வரும் போர்டுகளில் அது கிடையாது. ஆகவே இருக்கிற மெஷினில் ரேமை ஏற்ற வேண்டும். உள்ளே 1 ஜிபியில் இரண்டு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 4 ஜிபியில் இரண்டு போடலாம் என்று பரிமளா சொன்னார். முடிவு சரிதான்.

அந்த போர்டைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எனக்கும் அது சும்மா தெரிந்ததில்லை. 2016இல் கார்வேட்டிநகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு மெஷின்களுக்கு ரேம் மாற்றப் போனேன். எல்லாம் அதே வகை போர்டு. ரேம் சரியான வகை, சரியான அளவு, அடி விளிம்பில் உள்ள வெட்டு சரியான இடத்தில், ஸ்லாட்டில் ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஆறில் ஒரு மெஷின்கூட ஏறவில்லை, திரை கறுப்பாகவே இருந்தது. ஹெட்மாஸ்டர் முன்னால் ஆறையும் கழற்றிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பும் வழியில் சித்தூரில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பெயரை நான் கேட்டதில்லை. அவர் பற்ற வைத்துக்கொண்டிருந்த போர்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

“சிப்ப எண்ணுனியா?”

“எதுக்கு எண்ணணும்? அதான் 4 ஜிபின்னு சீட்டு ஒட்டியிருக்குதே.”

“சீட்டு உனக்கும் எனக்கும் ஒட்டினது. போர்டு சீட்டயா படிக்கும்?”

பிறகு விளக்கினார். அந்தக் காலத்து போர்டுகளுக்கு அடர்த்தியான சிப்பைப் படிக்கத் தெரியாது. அதே 4 ஜிபி, இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிறிய சிப்பில் பிரிந்திருந்தால் படிக்கும். ஒரு பக்கம் மட்டும் எட்டுப் பெரிய சிப்பாக இருந்தால் படிக்காது. புதிதாக வருவதெல்லாம் எட்டு சிப்தான். அன்றைக்கே இதை டைரியில் எழுதினேன். பின்னால் ஒரு பழைய மெஷினைப் பிரித்தபோது கிடைத்த பதினாறு சிப் ரேம் இரண்டை என் பூட்டிய டிராயரில் எடுத்து வைத்தேன். பரிமளா கடைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று பரிமளா பொது டப்பாவிலிருந்து இரண்டு ரேமை எடுத்து என் மேசைக்கு வந்தார்.

“அண்ணா, இது டிடிஆர் த்ரீ, நாலு ஜிபி தான?”

நான் பார்த்தேன். ஒரு பக்கம் எட்டு சிப். மறுபக்கம் வழவழவென்று காலியாக இருந்தது.

“ஆமாம்மா” என்றேன்.

கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. டிடிஆர் 3தான். 4 ஜிபிதான். அவர் அதைக் கவரில் போட்டு, ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு, “வரேண்ணா, நகரிலருந்து அப்படியே ஊட்டுக்குப் போயிடறேன்” என்று கிளம்பினார். முதலாளி உள்ளே இருந்து, தெலுங்கு கலந்த தமிழில், “சரே, ஜாக்கிரதையா பாரும்மா, அது நம்ம பழைய பார்ட்டி” என்றார். பழைய பார்ட்டி யாருடைய பார்ட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் டைரியைத் திறந்தேன். நடந்ததை நேரத்தோடு எழுதுவது இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போகும். எழுதினேன்: *10.20. பரிமளா எட்டு சிப் ரேம் இரண்டு எடுத்தார். நகரி போர்டுக்குச் சேராது. தெரியும். சொல்லவில்லை.* பேனாவைப் பக்கத்தின் நடுவில் வைத்து மூடினேன்.

12.50க்குப் போன் வந்தது.

“அண்ணா, மிஷின் ஏற மாட்டேங்குது. பீப்பு மட்டும் அடிச்சுக்கினே இருக்குது. சரின்னு பழச திரும்பப் போட்டேன், இப்ப அதுலயும் ஏறல.”

பின்னால் தணிகாசலத்தின் குரல் கேட்டது. “காலையில நொண்டிக்கினாவது ஓடிக்கினு இருந்துச்சேம்மா. இப்ப அதுவும் போச்சா?”

“இருங்க நைனா, கேட்டுக்கினு இருக்கேன்ல” என்று அவரிடம் சொல்லிவிட்டு, பரிமளா குரலைத் தாழ்த்தினார். “அண்ணா, உங்க டைரில இந்த போர்டு பத்தி எதுனா இருக்குதா, கொஞ்சம் பாருங்க.”

“பாக்கறேன். திரும்பக் கூப்பிடறேன்.”

பார்க்க ஒன்றுமில்லை. எந்த வருட டைரி, எந்தப் பக்கம், பக்கத்தில் மேலிருந்து எத்தனையாவது வரி எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பழைய டைரிகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். தயிர் சாதத்தைத் திறந்து சாப்பிட்டேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். கையைக் கழுவினேன். நாற்பது நிமிடம் போயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் நான் என்ன யோசித்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். உடனே சொன்னால், இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்பார். கொஞ்சம் தாமதித்தால் தேடிக் கண்டுபிடித்தது போலிருக்கும். அதைவிட, சரியான ரேமை நானே கொண்டுபோய், தணிகாசலம் பார்க்க நானே போட்டால், ‘அந்தம்மா’ கையில் நின்றுபோன மெஷின் மாப்பிள்ளை கையில் ஓடும். முதலாளி காதுக்கும் அது போகும். அங்கே ஒருவர் ஆர்டர் போய்விடுமே என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார் என்பதும் மனதில் வந்தது. வந்து, ஊறுகாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

1.30க்குக் கூப்பிட்டேன். “கிடைச்சிடுச்சும்மா, 2016ல கார்வேட்டிநகரத்துக்குப் போனப்ப எழுதினது. எட்டு சிப் அதுல வராது. பதினாறு சிப் வேணும். எங்கிட்ட ரெண்டு இருக்குது, நானே எடுத்துக்கினு வரேன்.”

“அப்பாடா. சரி, பழசு ஏண்ணா ஏறல?”

“வந்து பாக்கறேன்.”

இதுவும் தெரிந்த விஷயம்தான். ஒன்பது வருடமாக ஒரே ஸ்லாட்டில் இருந்த ரேமை உருவினால் அதன் தங்கக் கால்களில் கறுப்பு படிந்திருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டால் ஏறிவிடும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. நான் போய்ச் சேரும்வரை அந்த மெஷின் செத்துக் கிடக்க வேண்டும் என்று விரும்பினேன்.

புத்தூர் வழியாக நகரி போய்ச் சேர 3.40 ஆயிற்று. கையில் ரேம் கவர், பையில் அந்த வருட டைரியும் 2016ஆம் வருட டைரியும். தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. தறிச் சத்தத்துக்கு நடுவில் தனியாக, சீராக, ‘தட், தட்’ என்று அட்டை குத்தும் மெஷின். முதலில் பக்கத்து வீட்டினுடையது என்று நினைத்தேன்.

தணிகாசலம் வாசலிலேயே சிரித்தார். “வா மாப்ள. அந்தம்மா ஏத்திடுச்சு.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தணிகாசலத்தின் டிசைனருக்குப் பக்கத்தில் பரிமளா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “எதிர்க் கடையில ஒரு ரப்பர் வாங்கி பழைய ரேம தேச்சேண்ணா. ரெண்டாவது தடவையில ஏறிடுச்சு. ஆனா டிசைன் இன்னும் நின்னுக்கினுதான் இருந்தது. இந்த டிசைனர் அண்ணங்கிட்ட சொல்லி முந்தானையைத் தனியா, கரையைத் தனியா பிரிச்சிட்டோம். பாதி பாதியா தெறந்தா நிக்கல.”

இதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டைரியை நம்பி உங்களுக்கு எழுதுவதால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் கவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அங்கே தேவையே இல்லாத ஒருவனாக நிற்கிறேன். தெரிந்தும் நான் மறைத்ததை ஒரு ரப்பரைக் கொண்டு அவரே கண்டுபிடித்துவிட்டார். எனக்குத் தெரியாத இன்னொன்றையும் செய்துவிட்டார்.

“நிறுத்துங்க” என்றேன். “பத்தே நிமிஷம். புது ரேம் போட்டா முழு டிசைனும் ஒரே மூச்சுல தெறக்கும்.”

தணிகாசலம் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார். அவருக்கு நான் மாப்பிள்ளை, சொன்னால் கேட்பார். பரிமளா எழுந்து தன் உள்ளங்கையால் ஸ்விட்சை மூடிக்கொண்டார்.

“வேணாம் நைனா. நடுவுல நிறுத்தினா எந்த அட்ட வரைக்கும் குத்துச்சுன்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஓடிக்கினு இருக்குது. இன்னும் நூத்தியெம்பது அட்ட. முடியட்டும், அப்புறம் அண்ணா போடட்டும்.”

தணிகாசலம் என்னைப் பார்த்தார். “இன்னா மாப்ள? நீ சொல்லு.”

என் தொழிலில் நான் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சிறியது, மிகக் கஷ்டமானதும் இதுதான். அந்த நேரத்தில் ரேம் மாற்ற வேண்டிய தேவை மெஷினுக்கு இல்லை. எனக்குத்தான் இருந்தது. “அது சொல்றது சரிதான். முடியட்டும்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நீங்களும் ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் முன்னால் திருப்புளியோடு நிற்பீர்கள். அப்போது அதைத் திறக்க விரும்புவது யார் என்று ஒரு தடவை பாருங்கள். நான் பார்த்தது கடைசி நொடியில், அதுவும் இன்னொருவர் கை ஸ்விட்சின் மேல் இருந்ததால்.

தணிகாசலம் டீ குடிக்கக் கூப்பிட்டார். டீக்குக் கிளம்பும்போது பரிமளா கேட்டார். “அண்ணா, அந்த கார்வேட்டிநகரம் பக்கத்தக் குடுங்களேன், போன்ல போட்டோ எடுத்துக்கறேன். இன்னொரு தடவ மாட்டக் கூடாது.” பையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனேன். டீயில் சர்க்கரை அதிகம் என்று சொல்லி வேறு டீ போடச் சொன்னது நினைவிருக்கிறது. பேனா நினைவில் இல்லை.

திரும்பி வந்தபோது 2016ஆம் வருட டைரி திறக்கப்படாமல் மேசையில் இருந்தது. பரிமளாவின் மடியில் அந்த வருட டைரி. நடுவில் பேனா இருந்ததால் அது அன்றைய பக்கத்தில்தான் திறந்திருக்கும். அவர் நிமிரவில்லை. டிசைனர் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தணிகாசலம் தறிப்பக்கம் போய்விட்டார்.

“உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்குதுண்ணா” என்றார் பரிமளா. “ஒரு எழுத்துலகூட சந்தேகம் வரல.”

அவர் விரல் ஒரு வரியின் மேல் நின்றது.

“பத்து இருவது. நானு உங்ககிட்ட காட்டிக் கேட்டேன்ல?”

“கேட்டே.”

“ஆமாம்மான்னீங்க.”

“ஆமா.”

“அந்த மனுஷன் மதியானம் சோறு துன்னல. ரெண்டு மணி வரைக்கும் வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. பழச கழட்டாம இருந்திருக்கலாமேன்னு அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதத்தான் எனக்குத் தாங்க ஆவல.” டைரியை மூடி, பேனாவைத் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார். “சித்தூருக்காகவாண்ணா?”

தலையாட்டினேன்.

“நானு சித்தூரு கேக்கவே இல்லியே. திருத்தணிலருந்து தெனமும் அங்க எந்த ரயில்ல போவேன்?” என்று சொல்லி, டைரியை மேசையில் வைத்து, “இன்னிக்கி வரைக்கும் கேக்க வேணாம்னுதான் இருந்தேன்” என்றார்.

“சார்கிட்ட சொல்லிடு” என்றேன்.

“நானு எதுக்குச் சொல்றது? மதியானமே சார் போன் பண்ணாரு. தப்பான ரேம் எடுத்தாந்துட்டேன், அண்ணா சரியானதோட வந்துக்கினு இருக்காருன்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கு அவ்ளோதான் தெரியும். மிச்சத்த நீங்க நேரம் போட்டு எழுதி வெச்சிருக்கீங்க. அத விட நானு இன்னா சொல்லிடப் போறேன்?”

5.05க்குக் கடைசி அட்டை விழுந்தது. பரிமளா மெயின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிபியுவைத் திறந்தார். திருப்புளியை என் பக்கம் நீட்டினார். “போடுங்க. நீங்கதான கொண்டாந்தீங்க.” பழைய ரேமை உருவிவிட்டுப் பதினாறு சிப் ரேமைக் கவரிலிருந்து எடுத்தேன். இரண்டையும் போட்டு மூடினேன். முதல் தடவையிலேயே ஏறியது, 8 ஜிபி. முழு டிசைனும் ஒரே திறப்பில் வந்து திரையில் நின்றது, முந்தானையும் கரையும் சேர்ந்து.

தணிகாசலம் டிசைனரின் முதுகில் தட்டினார். “பாத்தியா? எங்க மாப்ள கை வெச்சா அப்படித்தான்.”

பரிமளா கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “ஆமா நைனா, அண்ணாவுக்குத் தெரியாத போர்டே கிடையாது” என்றார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகச் சொன்னாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று வரை கேட்டதுமில்லை.

அவர் திருத்தணி ரயிலுக்குப் போனார். நான் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். 7.05க்குக் கார்வேட்டிநகரத்தைத் தாண்டும்போது முதலாளி கூப்பிட்டார்.

“எல்லாம் கேள்விப்பட்டேன். அவ அவசரத்துல எத்தையோ எடுத்துக்கினு போயிட்டா, நீ போயி காப்பாத்தின. அனுபவம்னா அனுபவம்தாம்பா. நானும் ரெண்டு மாசமா யோசிச்சிக்கினு இருந்தேன். சரே, சித்தூரு நீயே பாத்துக்கோ. காலையில சீக்கிரம் வரேன், சாவி வாங்கிக்கோ.”

“சரி சார்” என்றேன். அந்த ‘சரி சார்’ எவ்வளவு இனித்தது என்று சொல்லாமல் விட்டால் இது முழுப் பதிவாகாது. அந்தப் பள்ளிக்கூடத்தின் விளக்கு பின்னால் போய் மறையும் வரை இனித்தது. காலை 5.10க்கு எழ வேண்டாம். மூன்றாவது வரிசை வேண்டாம். மதியச் சாப்பாட்டை வீட்டில் வந்து சாப்பிடலாம். வீட்டில் சொன்னேன். மனைவி பாயசம் வைத்தாள். நான் குடித்தேன்.

படுப்பதற்கு முன்னால் அன்றைய கடைசி வரியை எழுத டைரியைத் திறந்தேன். *7.05. முதலாளி போன். சித்தூர் எனக்கு.* எழுதிவிட்டு வழக்கம்போல் பக்கத்தை மேலிருந்து ஒரு தடவை வாசித்தேன். அதற்கு நான்கு அங்குலம் மேலே 10.20 இருந்தது. நான் டைரியில் எதையும் அடித்தவனில்லை. கிழித்தவனுமில்லை. இரண்டில் எந்த வரியை அடிப்பது என்று அன்று யோசித்தேன். ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்க முடியாது என்று தோன்றியது.

பொறாமையை விடச் சொல்லி உங்களுக்கு எழுத எனக்குத் தகுதியில்லை. அது எனக்குப் போகவில்லை. உங்கள் கிளைக்கு இன்றும் எத்தனை போன் வருகிறது, அதில் எத்தனை பேர் மேடத்தைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் பக்கத்து மேசைக்காரர் ஒரு ரேமைக் காட்டி ‘இதுதான?’ என்று கேட்டால், அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தாதீர்கள். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேளுங்கள். எந்த போர்டு என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எண்ணுங்கள்.

ஜூன் 13, வியாழக்கிழமை. அதே பஸ், அதே வரிசை. 8.40க்கு நான் போனபோது ஷட்டர் ஏற்கெனவே தூக்கியிருந்தது. முதலாளி உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மேசையில், புதுச் சிவப்புக் கயிறு கட்டிய சாவி.

“உக்காருப்பா” என்றார்.

நான் உட்காரவில்லை. என் மேசையைத் துடைக்கவும் இல்லை. பையிலிருந்து டைரியை எடுத்து, முந்தைய நாள் பக்கத்தைத் திறந்து, சாவியின் மேல் வைத்தேன்.

“10.20லருந்து படிங்க சார்” என்றேன்.